மருத்துவமனை நோயாளர் பாதுகாப்பு வினாநிரலைத் தமிழாக்குதல்: பின்மொழிபெயர்ப்பின் எல்லையும் தமிழ் இலக்கணத்தின் பங்கும்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைப் பணியாளர்கள் நோயாளர் பாதுகாப்புப் பற்றிக் கொண்டுள்ள கருத்துகளை அளப்பதற்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2004ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வினாநிரல், பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பயன்பட்டு வருகிறது. இத்தகைய அளவைக் கருவிகளை வேற்று மொழிக்குக் கொண்டுசெல்லும்போது பெயர்ப்பின் செம்மையை அறியப் பின்மொழிபெயர்ப்பு முறையே பெரிதும் நம்பப்படுகிறது. தவறு, பிழை, குற்றம் என்னும் சொற்களுக்கிடையிலும், நாம், நாங்கள் என்னும் பெயர்களுக்கிடையிலும் தமிழில் உள்ள வேறுபாடு ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அவ்வேறுபாடோ விடையளிப்பவரின் விடையையே மாற்றக்கூடியது. எனவே இவ்வகைத் தமிழாக்கத்தில் பின்மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தமிழ் இலக்கண அறிவும் பணியாளரின் வழக்கறிவும் இணைந்த ஆய்வு தேவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: நோயாளர் பாதுகாப்பு, வினாநிரல், பின்மொழிபெயர்ப்பு, வழு, உளப்பாடு, எதிர்மறை, நிகர்மை.

1. முன்னுரை

மொழிபெயர்ப்பு ஆய்வுகள் தமிழில் பெரும்பாலும் இலக்கியம், சமயம், சட்டம் ஆகியவற்றைச் சார்ந்தே நிகழ்ந்துள்ளன. அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் கலைச்சொல்லாக்கத்தில் கவனம் செலுத்தின. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் பணி இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பாடநூலைப் பெயர்ப்பவர் ஒரு பொருளுக்குரிய சொல்லைத் தேடுகிறார். வினாநிரலைப் பெயர்ப்பவரோ ஒருவரிடமிருந்து உண்மையான விடையைப் பெறுவதற்குரிய தொடரைத் தேடுகிறார். பாடநூலில் ஒரு சொல் பொருந்தாவிடின் மாணவர் ஆசிரியரிடம் கேட்டுத் தெளியலாம். வினாநிரலில் ஒரு சொல் பொருந்தாவிடின் விடை திரிந்துவிடும். திரிந்தது என்பதை எவரும் அறியவும் இயலாது. விடைகள் எண்களாக மாறிய பின்னர் அவ்வெண்களைக் கொண்டே மருத்துவமனையின் நிலை மதிப்பிடப்படுகிறது.

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைத்து, அது நெறிப்பட அமைய வேண்டும் என்கிறது. அந்நெறி யாது என்பதை இன்றைய பயன்பாட்டு எழுத்து ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது மொழியியல் பகுப்பாய்வே; களத்தில் திரட்டிய தரவுகளின் அடிப்படையில் அமைந்தது அன்று. இங்குத் தரப்படும் தமிழ்த் தொடர்கள் வினாக்களின் கருத்தை விளக்குவதற்கென அமைக்கப்பட்ட காட்டுத் தொடர்கள் ஆகும்.

2. வினாநிரலின் பின்னணி

செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் (1986) பின்னர், பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வறிக்கைகள் வழியாகப் 'பாதுகாப்புப் பண்பாடு' என்னும் கருத்தாக்கம் பரவியது. கருவியின் பழுதோ தனியொருவரின் பிழையோ மட்டும் விபத்துக்குக் காரணமன்று. நிறுவனத்தில் நிலவும் பழக்கங்களும் மனப்பாங்குகளும் காரணமாகும் என்பதே அதன் சாரம். ஜேம்ஸ் ரீசன் 1990இல் வெளியிட்ட மனிதப் பிழை குறித்த நூல் இக்கருத்துக்குக் கோட்பாட்டு வலுவூட்டியது. அமெரிக்க மருத்துவக் கழகம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்க்கத்தக்க மருத்துவப் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டபோது, இக்கருத்து மருத்துவத் துறையின் மையத்துக்கு வந்தது.

இதன் தொடர்ச்சியாக அந்நாட்டின் நலவாழ்வு ஆய்வு மற்றும் தர முகமை 2004ஆம் ஆண்டு நவம்பரில் மருத்துவமனைப் பணியாளர்களுக்கான வினாநிரலை வெளியிட்டது. 42 கூற்றுகள் 12 கூறுகளின்கீழ் அமைந்தன. குழுப்பணி, மேலாளரின் அணுகுமுறை, தயக்கமின்றிப் பேசும் சூழல், தவறுகளைத் தெரிவிக்கும் வழக்கம், தவறுக்குத் தண்டனை என்னும் அச்சம், பணி மாற்றத்தின்போது தகவல் கைமாறுதல் முதலியன அக்கூறுகளுள் அடங்கும். பெரும்பாலான கூற்றுகளுக்கு ஐந்து படிநிலை கொண்ட லிகர்ட் அளவுகோலில் உடன்பாட்டையோ மறுப்பையோ குறிக்க வேண்டும். 2019இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு 10 கூறுகளையும் அவற்றுள் அடங்கிய 32 கூற்றுகளையும் கொண்டது. எதிர்மறைக் கூற்றுகளைக் குறைத்தலும், பெயர்க்கக் கடினமான தொடர்களைத் திருத்தலும் அப்பதிப்பின் நோக்கங்களுள் அடங்கும். மூல மொழியினரே மொழிபெயர்ப்பின் இடர்களைக் கண்டு மூலத்தைத் திருத்தினர் என்பது இங்குக் கருதத்தக்கது.

பிற மொழிகளின் பட்டறிவும் இதற்குத் துணைநிற்கிறது. 2008இல் வெளிவந்த டச்சு மொழி ஆய்வில் மூலத்தின் 12 கூறுகள் அவ்வாறே அமையாமல் 11ஆக அமைந்தன. கூறுகளின் எண்ணிக்கை மாறுவதற்கு மருத்துவமனைகளின் நடைமுறையும் காரணமாகலாம், மொழியும் காரணமாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறியவேண்டுமாயின் பெயர்ப்புத் தொடர்களின் இயல்பை முதலில் அறிந்தாக வேண்டும்.

3. தகவமைப்பு நெறிமுறையும் அதன் இடைவெளியும்

வினாநிரல்களைப் பண்பாட்டுத் தகவமைப்புடன் பெயர்ப்பதற்கு, பீட்டனும் பிறரும் 2000இல் வெளியிட்ட நெறிமுறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இருவர் தனித்தனியே பெயர்த்தல், இரண்டையும் ஒருங்கிணைத்தல், மூலத்தைப் பாராத இருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்தல், வல்லுநர் குழு ஆராய்தல், 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை செய்தல், ஆவணங்களை ஒப்படைத்தல் என்பன அதன் நிலைகள். பொருள், மரபுத்தொடர், பட்டறிவு, கருத்தாக்கம் ஆகிய நான்கிலும் நிகர்மை வேண்டும் என்றும், வல்லுநர் குழுவில் மொழி வல்லுநரும் இடம்பெற வேண்டும் என்றும் அந்நெறிமுறை கூறுகிறது.

நடைமுறையில் பின்மொழிபெயர்ப்பே இறுதிச் சான்றாகக் கொள்ளப்படும் நிலை உண்டு. 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கிய அம்முறைக்கு உறுதியான பயன் உண்டு. விடுபட்ட சொல்லையும் தலைகீழான பொருளையும் அது காட்டிக்கொடுக்கும்; பெயர்ப்பு மொழியை அறியாத ஆய்வாளரும் அதனால் பெயர்ப்பைச் சோதிக்கலாம். ஆனால், ஒரு மொழி வேறுபடுத்துவதை மற்றொரு மொழி வேறுபடுத்தாதவிடத்து அம்முறை செயலற்றுப்போகிறது. தமிழில் மூன்று சொல், ஆங்கிலத்தில் ஒரு சொல் என்னும் நிலையில், மூன்றில் எதை இட்டாலும் திரும்பிவருவது ஒன்றே. அப்போது பெயர்ப்புச் சரியெனச் சான்று கிடைத்துவிடும். பொருந்தாத சொல்லும் அச்சான்றைப் பெற்றுவிடும்.

4. வழுவைக் குறிக்கும் சொற்கள்

இவ்வினாநிரலின் உயிர்நிலை 'தவறு' பற்றிய கூற்றுகளே. பணியாளர் தம் தவறுகளையும் பிறர் தவறுகளையும் அச்சமின்றித் தெரிவிக்கிறார்களா என்பதே பாதுகாப்புப் பண்பாட்டின் அளவுகோல். இதற்குத் தமிழில் தவறு, பிழை, குற்றம், தப்பு, குறை, வழு எனப் பல சொற்கள் உள. இவற்றுள் குற்றம் சட்டத்தையும் அறத்தையும் சார்ந்து நிற்பது. திருக்குறளின் குற்றங்கடிதல் அதிகாரம் சினம், செருக்கு முதலிய மனக்கேடுகளையே குற்றமாகக் கொள்கிறது. பிழை இன்றைய எழுத்து வழக்கில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை என நுட்பப் பொருளில் வழங்கினாலும், 'பிழை பொறுத்தல்' என்னும் வழக்கில் மன்னிப்பை வேண்டி நிற்கிறது. தப்பு பேச்சு வழக்கில் ஒழுக்கக் கேட்டையும் குறிக்கும்.

தவறு என்னும் சொல் இவற்றிடையே தனித்து நிற்கிறது. வினையாக வரும்போது அது நழுவுதலையும் வழி மாறுதலையும் குறிக்கும். 'கைதவறி விழுந்தது' என்னுமிடத்துச் செய்பவரின் உள்நோக்கம் சிறிதும் இல்லை. ரீசன் பிரித்துக்காட்டும் நழுவல், மறதி, தவறான முடிவு, விதிமீறல் ஆகியவற்றுள் முதலாவதற்குக் கைதவறுதல் என்னும் தமிழ் வழக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் பெயர்ச்சொல்லாகி, 'தவறு செய்தார்' எனச் செய்தல் வினையோடு சேரும்போது அது பழிப்பொருளை ஏற்றுக்கொள்கிறது. 'தவறு நேர்ந்தது' எனும்போது அப்பழி தணிகிறது. ஆகவே சொல்லை மட்டும் தேர்ந்தால் போதாது. அச்சொல் எவ்வினையோடு சேர்கிறது என்பதையும் நோக்கவேண்டும்.

காட்டாக, இருவேறு தொடர்கள்:

அ. இப்பிரிவில் தவறு செய்தவர்கள் அதனைத் தெரிவிக்கிறார்கள்.
ஆ. இப்பிரிவில் தவறு நேர்ந்தால் அது தெரிவிக்கப்படுகிறது.

முதல் தொடர் தவறியவரைத் தேடச் செய்கிறது. இரண்டாவது நிகழ்ந்ததைத் தேடச் செய்கிறது. நோயாளர் பாதுகாப்புக் கோட்பாடு வற்புறுத்துவது இரண்டாவதையே. எனினும் செய்பவரை எல்லா இடத்தும் மறைப்பதும் பொருந்தாது. தவறியவர்மேல் நிருவாகம் பழிசுமத்துகிறதா என வினவும் கூற்றில், பழிசுமத்துவோரும் பழிக்குள்ளாவோரும் தெளிவாகப் புலப்படுதல் வேண்டும். 

தமிழ் இலக்கண மரபு 'வழு' என்னும் சொல்லை இவ்வகை அறச்சுமையின்றிக் கையாண்டுள்ளது. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு இடங்களில் வழு நேரும் என வகுக்கிறது. வழுவாமல் காத்தலையும், தக்க காரணம் இருப்பின் வழுவை அமைத்துக்கொள்ளுதலையும் தொல்காப்பிய உரையாசிரியர்கள் வேறுபடுத்திக் காட்டுவர். வழு எங்கே நேரும், ஏன் நேரும், எவ்வாறு காக்கலாம் என வினவும் இம்மரபு நோயாளர் பாதுகாப்புக் கோட்பாட்டின் நோக்குக்கு அணுக்கமானது. ஆயினும், 'வழு' இன்று மருத்துவமனைப் பணியாளர் அறிந்த சொல் அன்று. ஆகவே ஆய்வெழுத்தில் 'வழு' என்பதையும், வினாநிரலில் 'தவறு நேர்தல்' என்பதையும் கொள்வதே தக்கது. இலக்கணச் சொல் சிறந்தது என்பதற்காக அதனை விடையளிப்பவர்மேல் சுமத்துதல் ஆகாது.

நோயாளரைச் சென்றடையும் முன் கண்டு திருத்தப்பட்ட தவறுகளையும் இவ்வினாநிரல் தனியே வினவுகிறது. 'தப்பு' என்னும் சொல் தமிழில் பிழைபடுதலையும் தப்பித்தலையும் ஒருங்கே குறிப்பதால், 'தப்பிய தவறு' போன்ற சுருக்கத் தொடர்கள் மயக்கம் தரும். 'நோயாளருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கண்டு சரிசெய்யப்பட்ட தவறு' என விரித்துரைப்பதே பொருந்தும்.

5. தெரிவித்தல், புகார், ஒப்புதல்

தவறைத் தெரிவித்தல் என்னும் கருத்துக்குப் 'புகார் செய்தல்' என்பதை இடின், நிகழ்வைப் பதிதல் என்னும் பொருள் மாறி ஒருவர்மேல் குறைகூறுதல் என்னும் பொருள் வந்துவிடும். சக பணியாளரைக் காட்டிக்கொடுக்க விரும்பாதவர் அதற்கு மறுப்பையே குறிப்பார். அவர் மறுத்தது காட்டிக்கொடுத்தலை. ஆய்வாளர் கணக்கிடுவதோ பாதுகாப்புக் குறைபாட்டை. 'ரிப்போர்ட்' என்னும் வழக்குச் சொல் ஆய்வக முடிவையும் பணி மாற்றத்தின்போது கூறும் விவரத்தையும் குறிப்பதால் அதுவும் ஐயத்துக்கிடமாகும். 'எழுதிப் பதிவு செய்தல்' அல்லது 'தெரிவித்தல்' என்பன இத்தகைய சுமையற்றவை.

விடை அளவுகோலிலும் இச்சிக்கல் உண்டு. 'ஒப்புக்கொள்கிறேன்' என்பது உடன்பாட்டைக் குறிக்கும் இயல்பான சொல்லே. ஆனால் தவறு பற்றிய கூற்றுக்கு எதிரே அது நிற்கும்போது, குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்னும் வழக்கு நினைவில் எழும். 'உடன்படுகிறேன்' என்பது இம்மயக்கத்தைத் தவிர்க்கும். இரு சொற்களும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் திரும்பிவிடக் கூடியவை என்பதால் பின்மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைக் காட்டாது.

6. நாமும் நாங்களும்

வினாநிரலின் பல கூற்றுகள் தன்மைப் பன்மையில் அமைந்துள்ளன. ஒருவருக்கொருவர் உதவுதல், சேர்ந்து வேலையை முடித்தல், பாதுகாப்பை மேம்படுத்த முயலுதல் ஆகியவை அத்தகையன. ஆங்கிலத்தில் முன்னிலையாரை உளப்படுத்தும் பன்மைக்கும் உளப்படுத்தாப் பன்மைக்கும் தனித்தனி வடிவம் இல்லை. தமிழிலோ நாம், நாங்கள் என்னும் தேர்வு தவிர்க்க முடியாதது.

'நாம் ஒருவருக்கொருவர் உதவுகிறோம்' என்னும் தொடர், வினவும் நிறுவனத்தையும் விடையளிப்பவரையும் ஒரே குழுவாக்குகிறது. சுவரில் எழுதப்படும் அறிவுரையின் தொனி அதற்கு வந்துவிடுகிறது. அதனை மறுப்பது கடமையை மறுப்பதுபோல் தோன்றும். 'நாங்கள்' எனும்போது விடையளிப்பவர் தம் பணிக்குழுவைப் பிறரிடம் விவரிக்கும் நிலையைப் பெறுகிறார். வினாநிரலின் நோக்கத்துக்கு இதுவே உகந்தது. ஆயினும் 'நாங்கள்' என்பதில் அடங்குவோர் யாவர் என்னும் வினா எஞ்சுகிறது. செவிலியர் 'நாங்கள்' எனும்போது மருத்துவரை உளப்படுத்துகிறாரா? தூய்மைப் பணியாளரின் 'நாங்கள்' செவிலியரையும் உள்ளடக்குமா? வினாநிரல் எல்லா நிலைப் பணியாளர்களுக்கும் உரியது. எனவே, 'இந்த வார்டில் வேலை செய்கிற எல்லாரும்' என எழுவாயை வெளிப்படையாகக் கூறுதல் நலம். மருத்துவமனையில் பணி அடுக்கு எத்துணை ஆழமானது என்பதை ஒரு பெயர்ச்சொல்லின் தேர்வே வெளிப்படுத்திவிடுகிறது.

7. கேள்வி கேட்டலும் ஐயம் வினவலும்

அதிகாரம் மிக்கவரின் முடிவைக் குறித்துத் தயக்கமின்றி வினவ முடிகிறதா என்பது வினாநிரலின் இன்றியமையாக் கூற்றுகளுள் ஒன்று. தமிழில் 'கேள்வி கேட்டல்' என்பது மேலிருப்பவர் கீழிருப்பவரை விசாரித்தலையும், கீழிருப்பவர் மேலிருப்பவரை எதிர்த்தலையும் குறிக்கும். 'தட்டிக்கேட்டல்' என்பதில் எதிர்ப்பு மேலோங்கும். 'சந்தேகம் கேட்டல்' என்பதிலோ அறியாமையை ஏற்றுக்கொண்டு பணிவுடன் நிற்கும் தன்மை மேலோங்கும். மருந்தின் அளவு மிகுதியாக எழுதப்பட்டிருப்பதைக் காணும் செவிலியர், 'டாக்டர், இந்த அளவு சரிதானா?' எனக் கேட்பது எதிர்ப்புமன்று, அறியாமையுமன்று. அது நோயாளருக்கான காவல். இச்செயலைக் குறிக்க ஒற்றைச் சொல் இல்லாதவிடத்து, 'மருத்துவரின் முடிவு சரிதானா என்று ஐயம் எழுந்தால் அதனை அவரிடமே சொல்ல முடிகிறது' எனச் சூழலோடு விரித்தல் வேண்டும்.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளாக நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து செயல்படும் உழைச்செல்வானையும் எண்ணுகிறது. உடனிருப்பவரின் சொல்லுக்கு இடமளிக்கும் கருத்து தமிழ் மரபுக்குப் புறம்பானது அன்று. அச்சொல்லை மேலோரிடம் எவ்வடிவில் சொல்வது என்பதே சிக்கல்.

8. எதிர்மறையும் விடைமயக்கமும்

மூலத்தின் முதற்பதிப்பில் எதிர்மறைக் கூற்றுகள் பல. பெரிய தவறுகள் நிகழாதிருப்பது தற்செயலே என்னும் கருத்தமைந்த கூற்று அவற்றுள் கடினமானது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினைமுற்றில் நிற்கும். படிப்பவர் தொடரின் இறுதியில்தான் அதனை அடைகிறார். அடுத்த நொடியில் விடைப்பகுதியில் 'உடன்படவில்லை' என்னும் மற்றோர் எதிர்மறை எதிர்ப்படுகிறது. நாளெல்லாம் நின்று பணியாற்றியபின் தாளை நிரப்பும் ஒருவர் இரண்டு எதிர்மறைகளைக் கூட்டிப் பொருள்கொள்ள வேண்டியதாகிறது. உடன்பாட்டு வடிவுக்கு மாற்றக்கூடிய கூற்றுகளை மாற்றுதலும், இயலாதவிடத்து எதிர்மறையை ஒன்றோடு நிறுத்துதலும் வேண்டும். அவ்வாறு மாற்றிய கூற்றுகளின் மதிப்பெண்ணை மூலத்தோடு நேர்ப்பட ஒப்பிடுதல் இயலாது என்பதையும் ஆவணத்தில் பதிய வேண்டும்.

9. வட்டார வழக்கும் பணி வழக்கும்

தமிழ் ஒன்றாயினும் மருத்துவமனைத் தமிழ் ஒன்றன்று. தமிழ்நாட்டில் செவிலியர் எனப்படுவோர் இலங்கையில் தாதியர் ஆவர். இலங்கையில் வைத்தியர் என்பது மருத்துவருக்குரிய பொதுச்சொல். தமிழ்நாட்டில் அது மரபு மருத்துவரையே பெரிதும் குறிக்கும். ஒரே பெயர்ப்பை இரு நாட்டிலும் வழங்குதல் பொருந்தாது. மேலும் வார்டு, டியூட்டி, ஷிப்ட் ஆகிய சொற்கள் பணியாளரின் அன்றாட வழக்கில் ஊன்றியவை. அவற்றுக்கு ஈடாகப் புதுச்சொல் புனைந்து வினாநிரலில் இடுவது மொழித்தூய்மைக்கு உதவினும் விடையின் உண்மைக்கு உதவாது. 'பாதுகாப்பு' என்னும் சொல்லும் விளக்கம் வேண்டுவது. காவலர் தரும் பாதுகாப்பையும் அது குறிப்பதால், 'சிகிச்சையின்போது நோயாளருக்குத் தீங்கு நேராமல் காத்தல்' என்னும் வரையறையை வினாநிரலின் தொடக்கத்தில் தருதல் வேண்டும்.

செவிலியரும் மருத்துவரும் ஆங்கிலவழிக் கல்வி பெற்றோராதலின் தமிழ்ப் பெயர்ப்பே தேவையில்லை என்னும் கருத்து எழலாம். வினாநிரல் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. படுக்கையைத் தூய்மை செய்வோரும் நோயாளரைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்வோரும் பாதுகாப்புக் குறைபாடுகளை முதலில் காணும் நிலையில் இருப்போர். தமிழாக்கம் அவர்களுக்கே முதன்மையாக உரியது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பின்மொழிபெயர்ப்பு விடுபாட்டையும் பொருள் திரிபையும் காட்டுமேயன்றி, தமிழ் வேறுபடுத்தி ஆங்கிலம் வேறுபடுத்தாத இடங்களைக் காட்டாது.

2. தவறு, தெரிவித்தல், உடன்படல், தன்மைப் பன்மை, எதிர்மறை ஆகிய ஐந்து இடங்களை இவ்வகைத் தமிழாக்கத்தில் தனித்து ஆராய வேண்டும். இவ்விடங்களில் எழும் மாற்று வடிவங்களையும், ஒன்றைத் தேர்ந்ததற்கான காரணத்தையும் எழுதிவைத்தல் வேண்டும்.

3. முன்சோதனையில் விடையைப் பெறுவதோடு நில்லாது, ஒவ்வொரு கூற்றையும் பணியாளர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு கேட்க வேண்டும். 'தவறு செய்தவர்' என்பதைக் 'குற்றம் செய்தவர்' என ஒருவர் திருப்பிச் சொல்வாராயின், எண்களுக்கு முன்பே பெயர்ப்பின் குறை வெளிப்பட்டுவிடும்.

4. வல்லுநர் குழுவில் மொழி வல்லுநருக்குரிய இடம் எழுத்துப்பிழை திருத்துவதற்கு உரியதன்று. வினைத்தேர்வும் உளப்பாடும் வழக்கும் அறிந்த தமிழறிஞரின் தேவை அங்கு உண்டு.

மருந்து மாறியதைக் கண்டும் வாய்திறவாத பணியாளரின் மௌனத்துக்கு அச்சம் காரணமா, வினாவின் சொற்கள் காரணமா என்பதைப் பிரித்தறிய இயலாத கருவி, நோயாளரைக் காக்கும் பணிக்குத் துணையாகாது. அதனைப் பிரித்தறியும் பொறுப்பில் மருத்துவத் துறையோடு தமிழ்த்துறைக்கும் பங்குண்டு.